சர்வர்னா யாருடா தம்பி? பெரியப்பாவுக்காக ஒரு குட்டி கணினி அகராதி

நான் கடைசி வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழை ஒரு பாடமாக மட்டும் படித்தவன். அதனால் நடையில் தடுமாற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுத ஒரு காரணம் இருக்கு. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

எங்க பெரியப்பாவுக்கு ஒரத்தநாடு பக்கம் பத்து மா நிலம். கல்லணைக் கால்வாய்ப் பாசனம். போன சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு போட கடைத்தெருவில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு ரெண்டு நாள் அலைஞ்சார். முதல் நாள் "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க". ரெண்டாவது நாள் "பாஸ்புக் ஃபைல் சைஸ் ஜாஸ்தி, 200 கேபிக்குள்ள கொண்டாங்க". வீட்டுக்கு வந்து என்கிட்ட கேட்டார்: "ஏன்டா தம்பி, சர்வர்னா ஓட்டல்ல பரிமாறுறவர்தானே? அவருக்கு உடம்புக்கு முடியலன்னா ஊருக்கே இன்ஷூரன்ஸ் கிடையாதா?"

எல்லாரும் சிரிச்சோம். நான் க்ளையன்ட், ரிக்வஸ்ட், ரெஸ்பான்ஸ்னு ஆரம்பிச்சேன். ரெண்டு நிமிஷத்துல அவர் "சரிப்பா, சரிப்பா"ன்னு தலையாட்டினார். புரியலைன்னு எனக்கே தெரிஞ்சது. அப்படியே விட்டுட்டேன்.

தை மாசம் அறுப்பு. ஒரு மதியம் பேங்க்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாரோ ஒருத்தன் போன் பண்ணியிருக்கான். ஏடிஎம் கார்டு நம்பரைக் கேட்டான், சொல்லியிருக்கார். போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டான், அதையும் சொல்லியிருக்கார். அறுப்பு மிஷின் வாடகைக்கு வச்சிருந்த 9,500 ரூபாய் போயிடுச்சு. அந்த மெசேஜை அப்புறம் நான் வாங்கிப் பார்த்தேன். "இந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று அதிலேயே எழுதியிருந்தது. இங்கிலீஷில்.

நாலு வருஷம் கம்ப்யூட்டர் படிச்ச ஒருத்தன் அதே வீட்டில் இருந்தும் அவருக்கு ஓடிபி என்றால் என்னவென்று சரியா தெரியலை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் அடுத்த லீவில் அவரோடு களத்துமேட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையா பேசினேன். அவருக்குப் புரிந்த விதத்திலேயே இங்கே தருகிறேன். உங்க வீட்டிலும் ஒரு பெரியப்பா இருப்பார்.

1. சர்வர்

பெரியப்பா சொன்னது பாதிக்கு மேல் சரி. ஓட்டலில் நாம் கேட்கிறோம், சர்வர் உள்ளே போய் எடுத்து வந்து தருகிறார். கணினி உலகிலும் அதேதான். எங்கேயோ ஒரு கட்டடத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டர், நம்ம போன் கேட்கிறதை எடுத்துக் கொடுக்குது. நம்ம போன் சாப்பிட வந்தவர். அதைத்தான் க்ளையன்ட் என்கிறோம். தமிழில் சர்வருக்கு வழங்கி, சேவையகம் என்று ரெண்டு சொல் இருக்கு. எனக்கு 'வழங்கி' பிடிச்சிருக்கு, செய்ற வேலை பேரிலேயே தெரியுது.

சரி, சர்வர் டவுன்னா? நாலு பேர் பரிமாறுற ஓட்டலுக்கு ஒரே நேரத்தில் நானூறு பேர் வந்தா என்ன ஆகும்? கடைசித் தேதி அன்னைக்கு எல்லாரும் ஒரே தளத்தைத் திறக்கும்போது அதுதான் நடக்கும். பழுது, பராமரிப்பு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். நாம் செய்யக்கூடியது ரெண்டு. ஒன்று, கடைசி நாளுக்குக் காத்திருக்காமல் முன்னாடியே பதிவு பண்ணுவது, முடிந்தால் விடிகாலையிலோ ராத்திரியிலோ. இன்னொன்று, பணம் கட்டும்போது சுற்றிக்கொண்டே நின்னுட்டா, திரும்பத் திரும்ப பட்டனை அழுத்தாமல், கணக்கில் பணம் போயிருக்கா, ரசீது எண் வந்திருக்கா என்று பார்த்துவிட்டு அடுத்த முயற்சி செய்வது.

2. இன்டர்நெட், ரவுட்டர், பேண்ட்வித்

இதுக்கு நம்ம ஊரில் இருக்கிறவங்களுக்கு பாடமே தேவையில்லை. காவிரியைப் பார்த்தால் போதும். மேட்டூரில் தண்ணி இருக்கு. வழக்கமா ஜூன் 12-ம் தேதி திறப்பாங்க. கல்லணைக்கு வந்ததும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிச்சு விடுறாங்க. அதுக்கப்புறம் பிரிவு வாய்க்கால், கிளை வாய்க்கால், கடைசியில் நம்ம வயல் மடை.

மேட்டூர்தான் சர்வர்னு வைங்க. கல்லணை செய்யும் வேலைதான் ரவுட்டர் வேலை. வந்ததை எந்தப் பக்கம் அனுப்பணும் என்று முடிவு பண்ணுவது. வீட்டில் இருக்கிற வைஃபை பெட்டி நம்ம மடை.

பேண்ட்வித் என்றால் வாய்க்காலின் அகலம். ஒரு நொடிக்கு எத்தனை கன அடி என்று தண்ணியை அளக்கிற மாதிரி, ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்று இதை அளக்கிறோம். லேட்டன்சி வேற. மேட்டூரில் திறந்த தண்ணி கல்லணைக்கு வர மூணு நாலு நாள் ஆகுது இல்லையா, அந்தத் தாமதம்தான் லேட்டன்சி. வாய்க்கால் எவ்வளவு அகலமா இருந்தாலும் தூரம் தூரம்தான். படம் டவுன்லோடு ஆக பேண்ட்வித் முக்கியம். துபாயில் இருக்கிற அண்ணனோடு வீடியோ காலில் பேசும்போது அவர் நாம் சொன்ன ஜோக்குக்கு தாமதமா சிரிச்சால், அது பெரும்பாலும் லேட்டன்சி.

"அப்போ நம்ம வீட்ல டவர் கிடைக்காதது?" என்று கேட்டார் பெரியப்பா. நான் பதில் சொல்றதுக்குள்ள அவரே சொல்லிட்டார்: "கடைமடை."

தரவு ஒரே வெள்ளமா போறதில்லை, சின்னச் சின்ன துண்டுகளாகப் போகும். அதுதான் பாக்கெட். கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ சிப்பமா கட்டுற மாதிரி, ஃபைலை ஏறக்குறைய 1,500 பைட் கொண்ட சிப்பங்களா கட்டி, ஒவ்வொன்றிலும் முகவரியும் வரிசை எண்ணும் போட்டு அனுப்புது கணினி. 200 கேபி ஃபைல் என்றால் சுமார் 140 சிப்பம். எல்லாம் ஒரே வழியில் வரணும்னு இல்லை. ஒரு சிப்பம் வழியில் தொலைஞ்சால் அதை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கி, வரிசைப்படி அடுக்கி, முழு ஃபைலாக ஆக்கிடும்.

இந்த ஒப்புமை ஒரு இடத்தில் உடையும், அது ரொம்ப முக்கியம். ஆற்றில் தண்ணி எடுத்தால் ஆற்றில் குறையும். இணையத்தில் ஃபைல் அனுப்பினால் நம்மிடம் ஒன்று, வழியில் சர்வரில் ஒன்று, வாங்கினவரிடம் ஒன்று என்று நகல்கள் உண்டாகும். ஆதார் படத்தை யாருக்காவது அனுப்பிட்டு, நம்ம போனில் அழிச்சுட்டால் அது அழிஞ்சதாக ஆகாது.

3. ரேம், ஸ்டோரேஜ்

"64 ஜிபி போன்னு சொல்லித்தானே வித்தான், இதுல 4 ஜிபின்னு போட்டிருக்கே, ஏமாத்திட்டானா?" இது அடுத்த கேள்வி.

ஏமாத்தலை. களம் வேற, பத்தாயம் வேற. பத்தாயத்தில் நெல் வருஷக்கணக்கா இருக்கும். அது ஸ்டோரேஜ், தமிழில் சேமிப்பகம். போட்டோ, பாட்டு, ஆப் எல்லாம் அங்கேதான். களத்தில் வேலை நடக்கும். தூற்றுவது, காய வைப்பது, அளப்பது. வேலை முடிஞ்சதும் களத்தைக் கூட்டிடுவோம். அதுதான் ரேம், தற்காலிக நினைவகம். ஒரு ஆப்பைத் திறக்கும்போது பத்தாயத்திலிருந்து தேவையானதை எடுத்து களத்தில் போடுது போன். அணைச்சுப் போட்டால் களம் காலி, பத்தாயம் அப்படியே இருக்கும்.

களம் சின்னதா இருந்து பத்து பேர் நெல்லைக் கொட்டினால் இடிச்சுக்குவோம் இல்லையா, அதுதான் போன் 'ஹேங்' ஆகிறது. 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்தால் அது பத்தாயப் பிரச்சனை. பெரியப்பா போனில் அது நிறைஞ்சதுக்குக் காரணம் தினம் வரும் குட்மார்னிங் படங்கள்தான். அழிச்சதும் சரியாயிடுச்சு.

4. பிட், பைட், கேபி, எம்பி

கணினிக்குத் தெரிந்தது ரெண்டே நிலை. மதகு திறந்திருக்கு, மூடியிருக்கு. ஒன்று, பூஜ்ஜியம். அந்த ஒரு மதகுதான் ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 1,024 பைட் ஒரு கேபி. 1,024 கேபி ஒரு எம்பி. 1,024 எம்பி ஒரு ஜிபி.

ஏன் 1,000 இல்லாமல் 1,024? இரண்டை இரண்டாலேயே பெருக்கிக்கொண்டு போனால் பத்தாவது தடவை 1,024 வரும். கணினிக்கு அதுதான் தோதான எண். நாங்க ஃபர்ஸ்ட் இயரில் இதை மனப்பாடம் பண்ணினோம். பெரியப்பாவுக்கு அது தேவைப்படலை. ஏன்னா அவர் சின்ன வயசில் படிச்ச அளவைக் கணக்கு இதே மாதிரிதான். 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 2 உழக்கு ஒரு உரி. 2 உரி ஒரு நாழி, அதாவது ஒரு படி. 8 நாழி ஒரு குறுணி, அதாவது ஒரு மரக்கால். எட்டு பிட் ஒரு பைட் என்றதும் "எட்டுப் படி ஒரு மரக்கால் மாதிரி" என்றார். உண்மையைச் சொன்னா, ஆழாக்கு உழக்கு எல்லாம் எனக்குத் தெரியாது. அன்னைக்குத்தான் நான் கத்துக்கிட்டேன்.

இப்போ அந்த 200 கேபி விஷயத்துக்கு வருவோம். போனில் எடுக்கும் ஒரு போட்டோ சாதாரணமாக 3, 4 எம்பி இருக்கும். 4 எம்பி என்றால் 4,096 கேபி. கேட்டதோ 200. இருபது மடங்கு பெரிசு. ஒரு படி பாத்திரத்தில் இரண்டரை மரக்கால் நெல்லைக் கொட்டுற கதை. செய்ய வேண்டியது:

பாஸ்புக் பக்கத்தைச் சுற்றி இருக்கும் மேஜை, விரல் எல்லாத்தையும் வெட்டிடுங்க. அதுக்குப் பேர் க்ராப்.

ஸ்கேன் பண்ணும் ஆப்பில் கறுப்பு வெள்ளையில் சேமிங்க. கலர் இல்லாவிட்டால் அளவு நிறைய குறையும்.

அப்பவும் பெரிசா இருந்தால் படத்தின் நீள அகலத்தைக் குறைங்க. எழுத்து படிக்கிற மாதிரி இருக்கான்னு பார்த்துக்கோங்க.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது தானாகவே சுருக்கிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் சுருக்காது. அளவு குறையணுமா, தெளிவு வேணுமா என்று பார்த்து அனுப்புங்க.

இன்னொரு குழப்பம். இன்டர்நெட் வேகத்தை மெகாபிட்டில் சொல்வாங்க, ஃபைல் அளவை மெகாபைட்டில் சொல்வாங்க. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 40 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 5 எம்பிதான் இறங்கும். 40 எம்பி இறங்கலையேன்னு கம்பெனிக்காரரோடு சண்டை போட வேண்டாம்.

5. ப்ரவுசர், ஆப், லிங்க், கிளவுட்

ப்ரவுசர் என்பது உலாவி. எந்தத் தளத்துக்கும் போகிற பொது வண்டி. ஆப் என்பது ஒரே வேலைக்கு வாங்கின தனி வண்டி. ஆப்புக்கு 'செயலி' என்று தமிழில் எழுதுறோம். ஆனா சில புத்தகங்களில் ப்ராசஸருக்கும் அதே 'செயலி'தான். இடம் பார்த்துப் புரிஞ்சுக்கணும்.

கிளவுட் என்றதும் பெரியப்பா வானத்தைப் பார்த்தார். மேகம் எல்லாம் இல்லை. வேற ஒருத்தர் வீட்டுப் பத்தாயத்தில் வாடகைக்கு நம்ம நெல்லை வைக்கிறோம், அவ்வளவுதான். நம்ம போன் தண்ணியில் விழுந்தாலும் போட்டோ தப்பிக்கும். அந்தப் பத்தாயத்தின் சாவி நம்ம பாஸ்வேர்ட்.

லிங்க் என்பது முகவரி. இதை எப்படிப் படிக்கணும் என்பதை மட்டும் கொஞ்சம் கவனமாப் பாருங்க. நாம் தபால் முகவரி எழுதும்போது வீட்டு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று போவோம். கடைசியில் வருவதுதான் எந்த ஊர் என்று சொல்லும். தளத்தின் பெயரும் அப்படித்தான். ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுட்டு, அதுக்கப்புறம் வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும்தான் பெயர். அந்தக் கோட்டுக்கு முன்னாடி கடைசியா என்ன இருக்குன்னு பாருங்க. நம்ம நாட்டு அரசுத் தளங்கள் பெரும்பாலும் 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். அந்த முடிவு அரசுக்கு மட்டும்தான் கிடைக்கும். திருடர்கள் அரசு, பேங்க் பெயரை முன்னாடி போட்டு, முடிவில் வேற எதையோ வைப்பார்கள். வீட்டு எண்ணைப் பார்த்து ஏமாறாமல் ஊரைப் பாருங்க.

பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று நினைக்காதீங்க. அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான் அதுக்கு அர்த்தம். எதிர்முனையில் இருப்பவன் யோக்கியனா என்று பூட்டு சொல்லாது.

6. பாஸ்வேர்ட், பின், ஓடிபி

இதுக்காகத்தான் கட்டுரையே.

பாஸ்வேர்ட் பத்தாயத்துச் சாவி. நாம் மாற்றும் வரை ஒன்றேதான். ஓடிபி சாவி கிடையாது, டோக்கன். கொள்முதல் நிலையத்தில் டோக்கன் தருவாங்க இல்லையா? ஒரு ஆள், ஒரு முறை. அந்த டோக்கனை வேற ஒருத்தன் வாங்கிட்டுப் போனால் உங்க முறையில் அவன் நெல் எடை போடுவான். ஓடிபியும் ஒரே ஒரு வேலைக்கு, சில நிமிஷத்துக்கு மட்டும் செல்லும் டோக்கன். "இந்தப் பணத்தை எடுக்கப் போறது நீதானா?" என்று பேங்க் கேட்கிற கேள்விக்கு நாம் சொல்ற "ஆமாம்". அந்த எண்ணை இன்னொருத்தரிடம் சொன்னால், அவன் எடுப்பதற்கு நாம் ஆமாம் சொன்னதா ஆயிடும்.

திருடன் ஏன் நம்மிடம் கேட்கிறான்? அவனால் கண்டுபிடிக்க முடியாது, அதான். ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம் வாய்ப்பு. சில தடவை தப்பாப் போட்டாலே பூட்டிக்கொள்ளும். அதனால் அவனுக்கு இருக்கும் சுலபமான வழி போன் போட்டுப் பேசுவது. பயமுறுத்துவான், இல்லேன்னா ஆசை காட்டுவான். அவசரப்படுத்துவான். உண்மையான பேங்க்குக்கு அந்த எண்ணை நம்மிடம் கேட்க வேண்டிய தேவையே இல்லை, அனுப்பினதே அவங்கதானே.

யூபிஐ பின் இன்னும் எளிது. பணம் நம்மிடமிருந்து போகும்போதும், கணக்கில் இருப்பைப் பார்க்கும்போதும்தான் பின் போடணும். பணம் வருவதற்கு பின்னும் வேண்டாம், க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் பண்ணவும் வேண்டாம். "உங்களுக்குப் பணம் அனுப்புறேன், இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யாராவது சொன்னால் போனை வச்சிடுங்க.

மீறி நடந்துட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடணும். நாடு முழுக்க சைபர் குற்றப் புகாருக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவு தூரம் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பெரியப்பா வெட்கப்பட்டு ரெண்டு நாள் யாரிடமும் சொல்லலை. அதுதான் எங்களுக்குப் பெரிய நஷ்டம். பணம் இன்னும் வரலை.

7. யூனிகோடு: அந்த மெசேஜ் ஏன் தமிழில் இல்லை?

அந்த எச்சரிக்கை தமிழில் வந்திருந்தால்? இதை நான் நிறைய யோசிச்சேன்.

முன்பு தமிழைக் கணினியில் எழுதினால் ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் ஒரு கணக்கு. பாமினியில் அடித்ததை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கொச்சையா இங்கிலீஷ் எழுத்துதான் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில்தான் விசைப்பலகைக்குப் பொதுவான ஒரு அமைப்பு வந்தது. இன்னைக்கும் போனில் 'தமிழ்99' என்று இருக்கிறது அதுதான். யூனிகோடு என்பது உலகத்தின் எல்லா எழுத்துக்கும் ஆளுக்கொரு நிலையான எண் கொடுக்கிற ஏற்பாடு. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கு. அது எல்லாக் கருவிகளிலும் பரவினதால்தான் இப்போ எந்த போனில் அனுப்பினாலும் தமிழ் தமிழாகவே தெரியுது.

'நெல்' என்பது நம்ம கண்ணுக்கு ரெண்டு எழுத்து. யூனிகோடில் ந, ஒற்றைக் கொம்பு, ல, புள்ளி என்று நாலு எண். இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 12 பைட். சாதாரண எஸ்எம்எஸ்ஸில் இங்கிலீஷ் என்றால் 160 எழுத்து போகும், தமிழ் என்றால் புள்ளி, கொம்பு எல்லாம் சேர்த்து 70தான். அதுக்கு மேல் ரெண்டாவது மெசேஜாக் கணக்காகும். தமிழில் அனுப்பினால் இடம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், ஆனா முடியாத காரியம் கிடையாது. நம்மில் பல பேர் அடுத்த வருஷம் இந்த மாதிரி சாஃப்ட்வேர் எழுதும் வேலைக்குத்தான் போகப் போறோம். அப்போ இது ஞாபகம் இருக்கட்டும்.

கடைசியா ஒரு விஷயம்

நம்ம தஞ்சாவூரிலேயே 1981-லிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கு. அங்கிருந்து அறிவியல் களஞ்சியம் தொகுதி தொகுதியா வந்திருக்கு. சொற்களுக்குப் பஞ்சமில்லை. கடவுச்சொல், கோப்பு, பதிவேற்றம், பதிவிறக்கம், தரவு எல்லாம் நல்ல சொற்கள்தான். ஆனா 'கடவுச்சொல்' என்று மட்டும் சொன்னாலும் பெரியப்பாவுக்குப் புரிஞ்சிருக்காது, 'பாஸ்வேர்ட்' என்று மட்டும் சொன்னாலும் புரிஞ்சிருக்காது. பத்தாயத்துச் சாவின்னு சொன்னப்பதான் நிமிர்ந்து பார்த்தார். சொல் எதுவா இருந்தாலும் அது செய்யும் வேலையைக் கூடவே சொல்லுங்க.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டில் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. ஏழு தலைப்புக்கும் நேரம் இல்லாவிட்டால் ஆறாவதை மட்டுமாவது சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் "புரிஞ்சுதா?"ன்னு கேட்காதீங்க, எல்லாரும் சரின்னுதான் சொல்வாங்க. "எனக்கு நீங்க சொல்லுங்க பார்ப்போம்"னு கேளுங்க. நான் முதல் தடவை செய்யாமல் விட்டது அதுதான்.

போன வாரம் பெரியப்பாவுக்கு மறுபடி ஒரு போன் வந்திருக்கு. லாட்டரி விழுந்திருக்காம், நம்பர் வரும், சொல்லணுமாம். "டோக்கனை எல்லாம் குடுக்கிறதில்லப்பா, நீ நேர்ல களத்துக்கு வா"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாராம். பெரியம்மாதான் போன் பண்ணி சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.